ஒரிஜினலில் கை வைக்காதீர்கள்: மருந்துப் பதிவு ஆவணங்களைப் படிப்பது, குறிப்பெழுதுவது பற்றி உங்கள் கேள்விகள்

ஓசூரில் இருந்துகொண்டு 14 வருடமாக மருந்து கம்பெனிகளின் ரெகுலேட்டரி பிரிவில் வேலை பார்க்கிறேன். முதல் ஒன்பது வருடம் தினமும் பெங்களூருக்கு ரயில், இப்போது பெரும்பாலும் வீட்டிலிருந்தே. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் மருந்துப் பதிவு ஆவணங்களை அனுப்புவதற்கு முன் வரிவரியாகப் படித்துக் குறிப்பெழுதுவதுதான் என் வேலை. நம்ம மாவட்டத்துப் பிள்ளைகள் நிறைய பேர் இந்தப் பக்கம் வருகிறார்கள் என்பதால் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் எல்லோருக்கும் உதவுகிறவற்றை எடுத்துக்கொண்டேன்.

தருமபுரியில் பி.ஃபார்ம் கடைசி வருடம் படிக்கும் ஒரு தங்கை: அக்கா, இன்டர்வியூவில் இசிடிடி (மருந்துப் பதிவு ஆவணங்களை மின்வடிவில் அடுக்கி அனுப்பும் பொது அமைப்பு) பற்றிக் கேட்கிறார்களாம். கடைசியில் அது பிடிஎஃப் நிறைந்த ஒரு ஃபோல்டர்தானே, அதைப் பார்க்க எதற்குத் தனி சாஃப்ட்வேர்?

முக்கால்வாசி சரியாகச் சொல்லிவிட்டாய். ஃபோல்டர்தான், உள்ளே பிடிஎஃப்தான். மாட்யூல் 1 அந்தந்த நாட்டுக்குரிய படிவங்கள், 2 சுருக்கங்கள், 3 தரம், 4 விலங்குகளில் செய்த ஆய்வு, 5 மனிதர்களில் செய்த ஆய்வு. ஆனால் இவை எல்லாவற்றையும் கட்டிப்போடுவது index.xml என்ற ஒரு சின்ன கோப்பு. இனி அதைச் சுருக்கமாக 'எக்ஸ்எம்எல்' என்கிறேன். எந்தக் கோப்பு எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது, அது புதிதா, பழையதை மாற்றுகிறதா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

ஒவ்வொரு தடவை அனுப்புவதற்கும் ஒரு வரிசை எண் உண்டு, அதுதான் சீக்வென்ஸ். முதல் தடவை அனுப்புவது பெரும்பாலும் சீக்வென்ஸ் 0000 அல்லது 0001. எட்டு மாதம் கழித்து ஏஜென்சி, அதாவது மருந்தை அங்கீகரிக்கும் அரசு அமைப்பு, கேள்வி கேட்கிறது, நீ 0003 என்று நாலே நாலு கோப்பு அனுப்புகிறாய், அதில் ஒன்று முதலில் போன ஸ்பெசிஃபிகேஷனுக்கு (மருந்து எட்ட வேண்டிய தர வரம்புகளின் பட்டியல்) பதிலாக வருவது. சாதாரண ஃபோல்டரில் திறந்தால் இரண்டும் தனித்தனி இடத்தில் ஒரே பெயரில் கிடக்கும், எது நடப்பில் உள்ளது என்று தெரியாது. ரிவியூ சாஃப்ட்வேர் எல்லா சீக்வென்ஸின் எக்ஸ்எம்எல்லையும் சேர்த்துப் படித்து, 'இந்தத் தடவை என்ன வந்தது' என்று ஒரு பார்வையும் 'இன்றைய தேதியில் எது செல்லும்' என்று இன்னொரு பார்வையும் காட்டும். எக்ஸ்எம்எல்லில் வரும் நியூ (புதிது), அப்பெண்ட் (பழையதோடு சேர்வது), ரிப்ளேஸ் (பழையதற்குப் பதில்), டெலிட் (நீக்கம்) என்ற நாலு வார்த்தைகளை இந்த உதாரணத்தோடு சொன்னால் இன்டர்வியூவில் உன்னைக் கவனிப்பார்கள்.

ஓசூர் சிப்காட்டில் க்யூஏ (தர உறுதி) வேலை பார்க்கும் தம்பி: ஃபைனல் ஃபோல்டரில் இருந்த ஒரு பிடிஎஃப்பைத் திறந்து ரெண்டு வரியை மஞ்சளில் ஹைலைட் செய்து சேவ் பண்ணினேன் அக்கா. ஆவணங்களை இசிடிடியாகக் கட்டும் பப்ளிஷிங் டீமில் எல்லோரும் சத்தம் போடுகிறார்கள். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லையே, என்ன தப்பு?

தம்பி, இதே தப்பை நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் செய்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெங்களூரில் அப்போது இருந்த ஒரு கம்பெனி, மறுநாள் அமெரிக்காவுக்குப் போக வேண்டிய ஃபைல், எல்லாம் கட்டி முடித்தாயிற்று. சாயங்காலம் ஸ்டெபிலிட்டி (நாளாக ஆக மருந்து கெடாமல் இருக்கிறதா என்ற ஆய்வு) அட்டவணையில் ஒரு எண் சந்தேகமாக இருந்தது, மறக்காமல் இருக்கட்டும் என்று அதன் மேல் மஞ்சள் பூசி சேவ் செய்துவிட்டு ரயிலுக்கு ஓடிவிட்டேன். ராத்திரி பத்தரைக்கு போன் வருகிறது. ஃபைலில் பிழை தேடும் வேலிடேட்டர் சாஃப்ட்வேரில், செக்சம் என்ற முத்திரை எண் பொருந்தவில்லை என்று பிழை, எந்தக் கோப்பு என்று தேடிப் பார்த்தால் நான் தொட்டது.

இசிடிடி கட்டும்போது ஒவ்வொரு கோப்புக்கும் எம்டி5 என்ற கணக்கில் 32 எழுத்து கொண்ட ஒரு முத்திரை எண் உருவாகி எக்ஸ்எம்எல்லில் எழுதப்படுகிறது. அந்த எண் கோப்பில் உள்ள ஒவ்வொரு பைட்டையும் வைத்துப் போட்ட கணக்கு. நீ எழுத்தை மாற்றாவிட்டாலும் ஹைலைட் என்பது கோப்புக்குள் புதிதாகச் சேர்ந்த ஒரு பொருள், அதனால் முத்திரை எண் அடியோடு மாறிவிடும். எக்ஸ்எம்எல்லில் பழைய எண், கோப்பில் புது எண். வாங்கும் இடத்தில் இந்தக் கோப்பு வழியில் கெட்டுப்போனதா, யாராவது கை வைத்தார்களா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? இந்த மாதிரி பிழைக்கு முழு சப்மிஷனையும் திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

வீட்டுப் பத்திரத்தில் பென்சிலால்கூட யாரும் கிறுக்க மாட்டோம், ஜெராக்ஸ் எடுத்து அதில்தான் குறிப்போம். அதே பழக்கம்தான் இங்கேயும். கட்டி முடித்த ஃபோல்டரை ரீட்-ஒன்லி ஆக்கிவிடச் சொல்லுங்கள், படிப்பதற்குத் தனியாக ஒரு நகல் வையுங்கள். இப்போதைக்குப் பப்ளிஷிங்கில் போய் உண்மையைச் சொல்லி, ஒரிஜினல் கோப்பை மறுபடி அதே இடத்தில் வைக்கச் சொன்னால் போதும், முத்திரை எண் பொருந்திவிடும்.

அதே தம்பியே திரும்பவும்: அப்படியானால் ரிவியூ சாஃப்ட்வேரில் குறிப்பு போட்டால் மட்டும் ஏன் எதுவும் ஆவதில்லை?

நல்ல சாஃப்ட்வேர் உன் குறிப்பைக் கோப்புக்குள் எழுதாது. எந்தக் கோப்பு, எந்தப் பக்கம், பக்கத்தில் எந்த இடம், யார், எப்போது என்பதைத் தன் டேட்டாபேஸில் வைத்துக்கொண்டு, திறக்கும்போது மேலே ஒரு கண்ணாடித் தாள் போல விரித்துக் காட்டும். சில கம்பெனிகளில் சாஃப்ட்வேர் இல்லாமல் அக்ரோபேட்டிலேயே வேலை நடக்கும், அங்கே நகலில் குறிப்பெழுதி, குறிப்புகளை மட்டும் எக்ஸ்எஃப்டிஎஃப் கோப்பாக ஏற்றுமதி செய்து அனுப்பலாம். அதில் குறிப்பு மட்டும்தான் இருக்கும் என்பதால் மின்னஞ்சலில் சுலபமாகப் போகும்.

பாலக்கோட்டிலிருந்து, பெங்களூரில் ஒரு வருடமாக வேலை பார்க்கிறவர்: என் கமெண்ட்டுகளை எழுதியவர்கள் கண்டுகொள்வதே இல்லை மேடம். 60 குறிப்பு போட்டால் 20-க்குத்தான் பதில் வருகிறது.

நீங்கள் அனுப்பிய மாதிரிகளைப் பார்த்தேன். 'சரிபார்க்கவும்', 'இது சரியா?', 'தெளிவில்லை' என்றுதான் முக்கால்வாசி இருக்கிறது. படிப்பவர் இடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். 18 மாத ஆய்வு முடிவுகளை எழுதிய ஒரு பெண், நாள் முழுக்க லேபில் நின்றுவிட்டு வந்து இதைத் திறக்கிறார், ஒரு அட்டவணை முழுக்க மஞ்சள், மேலே 'சரிபார்க்கவும்'. எதை?

நான் எழுதுவது இப்படி: 'அட்டவணை 3, 18ஆம் மாதம், மொத்த அசுத்தம் 0.42% என்று உள்ளது. மாட்யூல் 2.3 சுருக்கத்தில் இதே பேட்சுக்கு 0.24%. மூலப் பதிவைப் பார்த்து எது சரி என்று சொல்லவும், தவறான இடத்தைத் திருத்தவும்.' என்ன பார்த்தேன், எதோடு ஒத்துப்பார்த்தேன், யார் என்ன செய்ய வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் பதில் வராமல் இருக்காது. ஹைலைட்டும் அந்த 0.42 என்ற எண்ணின் மேல் மட்டும்தான் இருக்க வேண்டும், பத்தி முழுக்க இல்லை.

இன்னொன்று. எழுத்துப்பிழையும் எண் முரண்பாடும் ஒரே நிறத்தில் இருந்தால் 60 குறிப்பில் முக்கியமான நாலு காணாமல் போய்விடும். எங்கள் குழுவில் அனுப்புவதைத் தடுக்கக்கூடியவை சிவப்பு, மற்றவை மஞ்சள், அவ்வளவுதான். ஐந்தாறு நிறம் வைத்திருந்த குழுவிலும் இருந்திருக்கிறேன், மூன்றாம் வாரத்தில் எது எதற்கு என்று யாருக்கும் நினைவில்லை. எழுதியவர் பதில் போட்டதும் நீங்களே பார்த்து 'முடிந்தது' என்று மூடுங்கள், அழித்துவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து ஏஜென்சி அதே எண்ணைப் பற்றிக் கேட்கும்போது அந்தப் பேச்சுவார்த்தைதான் கைகொடுக்கும்.

ஊத்தங்கரை நண்பர்: நான் பக்கம் 14 என்கிறேன், எதிரில் இருப்பவர் 17 என்கிறார்.

அவர் பிடிஎஃப்பின் பக்க எண்ணைச் சொல்கிறார், நீங்கள் தாளில் அச்சாகியிருக்கும் எண்ணைச் சொல்கிறீர்கள். முகப்பும் பொருளடக்கமும் மூன்று பக்கம் தின்றிருக்கும். எப்போதும் அட்டவணை எண், பிரிவு எண் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், சண்டை தீர்ந்தது.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு அக்கா, பப்ளிஷிங் வேலை: ரிவியூ முடிந்த நகலிலிருந்து எல்லா அனொடேஷனையும் (பிடிஎஃப்பின் மேல் போடும் குறிப்புகள்) நீக்கி அதையே ஃபைனலாகப் பயன்படுத்தினோம். கமெண்ட் போய்விட்டது, கூடவே ஹைப்பர்லிங்க் எல்லாமும் போய்விட்டது. ஏன்?

அக்கா, பிடிஎஃப்பின் இலக்கணத்தில் ஹைப்பர்லிங்க்கும் ஒரு வகை அனொடேஷன்தான். ஒட்டுத்தாள், ஹைலைட், லிங்க் எல்லாம் ஒரே குடும்பம். அதனால் 'எல்லா அனொடேஷனையும் நீக்கு' என்று ஒரு கருவியிடம் சொன்னால் அது சொன்னதைச் செய்துவிடும். அக்ரோபேட்டில் மறைந்திருக்கும் தகவல்களை நீக்கும் வசதியிலும் லிங்க்குக்கு ஒரு டிக் பெட்டி இருக்கும், பார்க்காமல் ஓகே கொடுத்தால் அதே கதி. மறுபடி பிரிண்ட் கொடுத்து பிடிஎஃப் ஆக்கினால் புக்மார்க்கும் சேர்ந்து போகும்.

வேறு வழியே இல்லையென்றால் கமெண்ட் பட்டியலைத் திறந்து அங்கிருந்து மட்டும் தேர்ந்தெடுத்து நீக்குங்கள், அந்தப் பட்டியலில் லிங்க் வராது என்பதால் அது தப்பிக்கும். ஆனால் என் பிடிவாதமான கருத்து, ரிவியூ நகல் ஒருநாளும் ஃபைனல் ஆகக் கூடாது. திருத்தத்தை வேர்டில் செய்து, டிராக் சேஞ்சஸ் எல்லாம் ஏற்று, புதிதாக பிடிஎஃப் எடுங்கள். யாராவது 'இதை அந்த மேனேஜர் எதற்கு ஒத்துக்கொண்டார்' என்று எழுதிய ஒட்டுத்தாள் ஒன்று ஏஜென்சியின் திரையில் திறந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மாட்யூல் 5-ல் மருத்துவ ஆய்வின் தரவோடு போகும் அனொடேட்டட் சிஆர்எஃப், அதாவது குறிப்பெழுதிய நோயாளிப் படிவம். நோயாளிப் படிவத்தின் ஒவ்வொரு கட்டத்தின் அருகிலும் அது எந்த டேட்டாசெட்டில் எந்த மாறியாகப் போகிறது என்று குறித்திருப்பார்கள். அந்தக் குறிப்புகள்தான் ஆவணமே, 'சுத்தம் செய்கிறேன்' என்று அதில் கை வைத்துவிடாதீர்கள்.

காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் தொழிற்சாலையில் ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்: எங்களுக்கு இசிடிடி எல்லாம் இல்லை. ஆடிட்டுக்கும் ஏற்றுமதிக்கும் பிடிஎஃப் தயார் செய்கிறோம். இதில் எங்களுக்கு ஏதாவது உண்டா?

நிறைய உண்டு அண்ணா. சீசனில் பெங்களூரா மாம்பழம் லாரி லாரியாக வரும்போது பேட்ச் பதிவேடுகளை வரிசையாக ஸ்கேன் செய்து போட்டுவிடுகிறீர்கள், ஆடிட்டர் ஒரு பேட்ச் எண் கேட்டால் ஆளுக்கொரு கோப்பைத் திறந்து தேடுகிறீர்கள், சரிதானே? 300 டிபிஐயில் நேராக ஸ்கேன் செய்து ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் வசதி) ஓட்டுங்கள். அச்செழுத்து தேடலில் கிடைக்கும், கையெழுத்து பெரும்பாலும் கிடைக்காது, அதனால் ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரு புக்மார்க் போட்டு பேட்ச் எண்ணையே அதன் பெயராக வையுங்கள். பாஸ்வேர்ட் போடாதீர்கள், கோப்புப் பெயரில் இடைவெளி விடாதீர்கள். மருந்துத் துறையிலும் கைப்பட எழுதிய பேட்ச் ரெக்கார்டுக்கு இதையேதான் செய்கிறோம்.

அரூரிலிருந்து ஒருவர்: பழைய கோப்பில் போட்ட குறிப்புகள், அதற்குப் பதில் புதுக் கோப்பு வந்ததும் தானாக அதில் வந்துவிடுமா?

பெரும்பாலும் வராது, வரவும் கூடாது. பக்கங்கள் நகர்ந்திருக்கும், அந்த வரியே இல்லாமல் போயிருக்கும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, இன்னும் மூடாத குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, தீராததை மட்டும் புதியதில் மறுபடி எழுதுங்கள். அரை நாள் பிடிக்கும். அந்த அரை நாளை மிச்சம் பிடிக்காதீர்கள்.

பென்னாகரத்திலிருந்து வேலை தேடும் ஒரு தம்பி: இந்த சாஃப்ட்வேர் எல்லாம் லட்சக்கணக்கில் விலை. வீட்டில் எப்படிப் பழகுவது? இசிடிடி பதிப்பு 4.0 வந்துவிட்டதாம், பழையதைப் படிப்பது வீணா?

வீணில்லை தம்பி. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 செப்டம்பர் 16 முதல் புது விண்ணப்பங்களை 4.0-வில் ஏற்கத் தொடங்கியது, ஆனால் பழைய பதிப்பான 3.2.2-வில் கட்டிய விண்ணப்பங்கள் எக்கச்சக்கமாக உயிரோடு இருக்கின்றன. 4.0-வில் எம்டி5-க்குப் பதில் ஷா-256 முத்திரை, எக்ஸ்எம்எல் அமைப்பும் வேறு, ஆனால் மாட்யூல் 3-ல் ஸ்டெபிலிட்டி எங்கே இருக்கும் என்பது மாறவில்லை.

பழகுவதற்கு இலவச அக்ரோபேட் ரீடர் போதும், அதிலேயே ஹைலைட்டும் ஒட்டுத்தாளும் உண்டு. இசிடிடியில் பிழை தேடும், லோரென்ஸ் (LORENZ) கம்பெனியின் இவேலிடேட்டருக்கு ஒரு இலவசப் பதிப்பும் இருக்கிறது. எஃப்டிஏ தளத்தில் அங்கீகாரம் பெற்ற மருந்துகளின் ரிவியூ அறிக்கைகள் பொதுவில் கிடைக்கின்றன, ஒன்றை இறக்கி, அங்கே உட்கார்ந்து படிக்கிறவர் எதைக் கேட்கிறார், எங்கே சந்தேகப்படுகிறார் என்று பார். எந்த பட்டனை அழுத்துவது என்பதை எந்தக் கம்பெனியும் ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடும்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு தங்கை, குழந்தை பிறந்து இரண்டு வருடம் கழித்து வேலைக்குத் திரும்பியிருக்கிறார்: ஒரே நாளில் 400 பக்கம் கொடுத்துவிடுகிறார்கள் அக்கா. மதியத்துக்கு மேல் கண்ணுக்கு எண்ணே தெரிவதில்லை.

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் படிக்காதே. காலையில் தலை தெளிவாக இருக்கும்போது ஸ்பெசிஃபிகேஷன், பேட்ச் முடிவு, ஸ்டெபிலிட்டி. இடது திரையில் ஸ்பெசிஃபிகேஷன் இருக்கும் 3.2.பி.5.1 பிரிவு, வலது திரையில் ஸ்டெபிலிட்டி அட்டவணை, எண்ணை வாய்விட்டுப் படித்து ஒத்துப்பார். மதியத்துக்கு மேல் லிங்க் எங்கே போகிறது, புக்மார்க் பெயர் சரியா, பக்கம் திரும்பி நிற்கிறதா என்று கையால் செய்கிற வேலையை வை. 400 பக்கத்தையும் ஒரே நாளில் எண் சரிபார்க்க முடியாது என்பதை முதல் நாளே மேலே எழுத்தில் சொல்லிவிடு, எந்தப் பிரிவுகளைப் பார்த்தேன், எவை பாக்கி என்று ரிவியூவின் முதல் குறிப்பாகவே போட்டுவிடு. பார்க்காத பக்கத்தின் கீழ் உன் பெயர் இருக்கக் கூடாது.