அட்டையில் ‘நார்மல்’, ஆனால் தொப்பை: டேப்பை எடுங்கள்

பையனுக்கு 9 வயது, 132 செ.மீ., 30 கிலோ, பள்ளி உடல்நல அட்டையில் ‘நார்மல்’ என்று இருக்கிறது, ஆனால் தொப்பை தெரிகிறது, இடுப்பு 69 செ.மீ. என்று எழுதியிருந்தீர்கள். அட்டை பொய் சொல்லவில்லை, பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் கணக்கு) 17 சொச்சம்தான் வருகிறது. ஆனால் கொழுப்பு எவ்வளவு, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றெல்லாம் பிஎம்ஐக்குத் தெரியாது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கை கால் ஒல்லியாக இருக்க, வயிற்றில் மட்டும் சேர்வது சகஜம்.

69ஐ 132ஆல் வகுத்தால் 0.52. இடுப்புச் சுற்றளவு, உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. பிரிட்டனின் நைஸ் (NICE) என்ற மருத்துவ அமைப்பின் வழிகாட்டுதல் 5 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் இந்த 0.5ஐத்தான் எல்லையாக வைத்திருக்கிறது.

ஆனால் பேன்ட் மேலேயே அளந்தேன் என்கிறீர்களே, அது செல்லாது. சட்டையைத் தூக்கிவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, அவன் மூச்சை வெளியே விட்டதும் பாருங்கள் (என் மகள் டேப்பைக் கண்டாலே வயிற்றை எக்கிக்கொள்வாள், பேச்சுக் கொடுத்துக்கொண்டேதான் அளக்க வேண்டும்). இரண்டு தடவை அளங்கள். 66க்குக் கீழே வந்தால் சரி, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்த்துக்கொள்ளலாம்.

தாண்டினால் நோய் என்று அர்த்தமில்லை, ஆனால் சும்மா விடவும் வேண்டாம். பின்கழுத்து அழுக்குப் பிடித்த மாதிரி கருத்து, தேய்த்தாலும் போகாமல் இருக்கிறதா, வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்பதையும் குழந்தை மருத்துவரிடம் சொல்லி, ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அதுவரை டயட் என்று பட்டினி மட்டும் போட்டுவிடாதீர்கள், வளர்கிற பிள்ளை.