திருட்டு பிரிண்ட் பாக்கலாமா? வண்ணாரப்பேட்டை ஆபரேட்டர் அண்ணன் பதில்

வடசென்னை தியேட்டர்கள்ல புரொஜெக்டர் ஓட்டி வயசானவன் நான். திருட்டு பிரிண்ட் பத்தி கேட்டவங்களுக்கு எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி (கொருக்குப்பேட்டை, காலேஜ் தம்பி): ஹீரோ கோடிக்கணக்குல வாங்குறாரு. நான் ஒருத்தன் டெலிகிராம்ல பாத்தா அவருக்கு இன்னா நஷ்டம்ணே?

அவருக்கு ஒண்ணும் இல்ல தம்பி. பெரும்பாலும் ரிலீசுக்கு முன்னாடியே சம்பளம் கைக்கு வந்துடும். அடி வாங்குறவன் வேற ஆள். டிக்கெட் காசுல வரி போக மீதிய டிஸ்ட்ரிபியூட்டரும் தியேட்டரும் பங்கு போட்டுக்குவாங்க. முதல் வாரம் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பெரிய பங்கு. வாரம் ஏற ஏறத்தான் தியேட்டர் பங்கு கூடும். முதல் நாள் கூட்டம் எப்படியும் வந்துடும், விசில் அடிக்கணும்ல! "மெதுவா பாத்துக்கலாம்"னு இருக்குற ரெண்டாவது வாரத்து ஆளைத்தான் திருட்டு பிரிண்ட் கொத்திட்டுப் போகுது. தியேட்டர்காரன் நாலு காசு பாக்குற வாரமே அதுதான். கேன்டீன் சமோசா, வண்டி ஸ்டாண்டு வரும்படி எல்லாம் அதோட போச்சு. தண்டையார்பேட்டை அகஸ்தியா 2020-ல மூடினதுக்கு இதுதான் காரணம்னு சொல்ல மாட்டேன், அது கொரோனா வருஷம். ஆனா ஒத்தை ஸ்கிரீன் தியேட்டருக்கு மூச்சு முட்டுறதுல இதுக்கும் பங்கு இருக்கு.

கேள்வி (வியாசர்பாடி அக்கா): நாலு பேர் போனா ஆயிரம் ரூபா காலி. இல்லாதவங்க படமே பாக்கக் கூடாதா?

உங்களத் திருடின்னு சொல்ல எனக்கு வாய் வராதுக்கா. ஆனா படம் அரிசி இல்ல, இன்னிக்கே வேணும்ங்கறதுக்கு. பல படம் நாலு வாரத்துல ஓடிடிக்கு வந்துடுது, அப்புறம் டிவியில வருது. அதுக்கும் பொறுக்க முடியாம பாத்தீங்கன்னா, அந்த லிங்க்க குடும்ப குரூப்ல மட்டும் போடாதீங்க. ஒரு வீட்டோட நிக்க வேண்டியத ஊருக்கே பந்தி வைக்கறது அதுதான். எனக்குக் கோபம் வர்றதும் அனுப்புறவங்க மேலதான்.

கேள்வி (ராயபுரம்): எந்த தியேட்டர்ல எடுத்ததுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

டிஜிட்டல் சர்வர் படம் ஓடும்போதே கண்ணுக்குத் தெரியாத குறியீட்டைப் படத்துக்குள்ள பதிச்சிடும். திருட்டு காப்பிய லேப்ல போட்டு ஆராய்ஞ்சா எந்த தியேட்டர், எந்த நாள், எத்தனை மணி ஷோன்னு வந்துடும். அதனாலதான் பழி முதல்ல ஆபரேட்டர் கேபின் மேல விழும். எடுத்தவன் நடு சீட்ல உக்காந்திருப்பான். 2024-ல திருவனந்தபுரத்துல மாட்டினவர் சீட்டுல கப் வைக்கிற குழியில போனைச் செருகி எடுத்தாராம்.

நல்லா பளிச்சுனு வர்ற 'எச்டி பிரிண்ட்' பெரும்பாலும் தியேட்டர்ல எடுத்ததில்ல, ஓடிடியில வந்தப்புறம் அங்கிருந்து உருவினது.

தண்டனையும் லேசு இல்ல. தமிழ்நாட்டுல 2004-லயே திருட்டு வீடியோக்காரங்களைக் குண்டர் சட்டத்துல சேத்தாச்சு. 2023 ஒளிப்பதிவுச் சட்டத் திருத்தப்படி 3 மாசத்துல இருந்து 3 வருஷம் ஜெயில். அபராதம் குறைஞ்சது 3 லட்சம், தயாரிப்புச் செலவுல 5 சதவீதம் வரைக்கும் போகலாம். ஆள் யாருன்னே தெரியலன்னா சென்னை ஐகோர்ட்டுல 'அசோக் குமார்'னு ஒரு பேர் போட்டுத் தடை வாங்குவாங்க. நெஜமாவே அந்தப் பேர் இருக்கறவங்க பயப்பட வேணாம்.

கேள்வி (பெரம்பூர் பெரியவர்): நான் தேடுற பழைய படம் எந்த ஓடிடியிலயும் இல்ல, கடையிலயும் இல்ல. யாரோ ஏத்தினதப் பாத்தா தப்பா?

பாருங்கய்யா. என் மனசுக்கு இதுவும் முதல் வாரத் திருட்டும் ஒண்ணில்ல. சட்டம் அப்படிப் பிரிச்சுப் பாக்காது. ஆனா வெளியான வருஷம் முடிஞ்சு 60 வருஷம் ஆயிட்டா படத்தோட காப்புரிமை தீந்துடும். 1964-ல வந்த படத்துக்கு 2025 ஜனவரி 1-ல இருந்து அது கிடையாது. பாட்டு வரிக்குக் கணக்கு வேற, எழுதினவர் காலமாகி 60 வருஷம் போகணும்.

கேள்வி (எண்ணூர்): மச்சான் ஓடிடி பாஸ்வேர்டுல நான் படம் பாத்தா தப்பா?

அது உங்க மச்சானும் அந்தக் கம்பெனியும் போட்ட ஒப்பந்தம். மச்சான் சண்டை போடலன்னா எனக்கென்ன!

கேள்வி (காசிமேடு): ஆடித் திருவிழாவுக்குத் தெருவுல திரை கட்டி புதுப்படம் போடலாமா? எங்ககிட்ட சந்தா இருக்கு.

அந்தச் சந்தா வீட்டுக்குள்ள பாக்க. தெருவுல போட்டா பொதுக்காட்சி, ஓசியா போட்டாலும் உரிமைக்காரர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கணும். புதுப்படத்துக்குத் தர மாட்டாங்க. பெரியவருக்குச் சொன்ன கணக்குல பழைய பக்திப் படம் ஏதாவது தேறுதான்னு பாருங்க. ஸ்பீக்கருக்கு ஸ்டேஷன்ல தனியா எழுதிக் குடுக்கணும், அதை மறந்துடாதீங்க.