மூளைத்திறன் வகுப்புக்கு அடைவு வைக்கலாமா? கேள்வி பதில்

வன்னிப் பெற்றோரும் ஆசிரியரும் அனுப்பிய கேள்விகளுக்கு, விசேட கல்வித் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கிளிநொச்சி, ஒரு தாய்: என் மகன் தரம் நான்கில் படிக்கிறான். தனியாக ஒரு பயிற்றுநரை அமர்த்தி நினைவாற்றலையும் கவனத்தையும் வளர்த்தால் புலமைப்பரிசில் பரீட்சையில் புள்ளி கூடும் என்று ஒரு நிலையத்தார் சொல்கிறார்கள். கட்டணத்துக்குச் சங்கிலியை அடைவு வைக்கலாமா?

வைக்க வேண்டாம், அம்மா. அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில், நினைவுத்திறன் குறைந்தவர்கள் எனக் கண்டறியப்பட்ட 452 பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் கணினி வழியான நினைவுப் பயிற்சியை 20 முதல் 25 அமர்வுகள் வரை கொடுத்தார்கள். 2016இல் முடிவு வெளியானது. பார்த்ததை நினைவில் வைக்கும் ஒரேயொரு சோதனையில் ஓராண்டு வரை முன்னேற்றம் தெரிந்தது. இரண்டாம் ஆண்டில் அதுவும் மறைந்தது. வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் பயன் இல்லை. கணிதத்திலோ, பயிற்சி பெற்ற பிள்ளைகளின் புள்ளி மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. பயிற்சிக்காக வகுப்பறை நேரத்தை இழந்ததையும் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். சங்கிலி போவது ஒருபுறமிருக்க, பிள்ளையின் நேரமும் போகும்.

மல்லாவி: கண்ணைக் கட்டிக்கொண்டு வாசிக்கப் பழக்கும் வகுப்பு உண்மையா?

கண்கட்டின் கீழே மூக்கின் ஓரத்தில் பார்க்க இடைவெளி இருக்கும். அதை மூடிவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

மாங்குளம்: அபாக்கஸ் வகுப்பு?

மணிச்சட்டத்தில் பழகிய பிள்ளை கூட்டலையும் பெருக்கலையும் விரைவாகச் செய்யும். அதற்காக அனுப்புவதானால் அனுப்புங்கள். விஞ்ஞானமும் தமிழும் அதனால் தாமாக வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வவுனியா, ஒரு தந்தை: ஐயா, நீங்கள் வெளிநாட்டுக் கதை சொல்கிறீர்கள். என் மகளுக்குத் தனிப் பயிற்சிக்கு முன் நுண்ணறிவு ஈவு (ஐ.கியூ.) 86; ஆறு மாதத்தின் பின் 99. கண்முன்னே இருப்பதை எப்படி மறுப்பது?

இலக்கத்தை நான் மறுக்கவில்லை. அது எதனால் கூடியது என்றுதான் கேட்கிறேன். ஒரே வகைச் சோதனையை இரண்டாம் முறை எழுதுபவருக்குப் பழக்கத்தாலேயே புள்ளி கூடும். காய்ச்சலோடோ பயத்தோடோ எழுதிய நாளில் மிகக் குறைவாகப் பெற்ற பிள்ளை, அடுத்த முறை எந்தப் பயிற்சியும் இன்றித் தன் வழமையான நிலைக்குத் திரும்பும். ஆறு மாதத்தில் பாடசாலையும் கற்பித்திருக்கிறது. இவற்றைப் பிரித்தறிய, பயிற்சி பெறாத ஒப்பீட்டுக் குழு வேண்டும். ஒப்பீட்டுக் குழுவைக் காட்டாத புள்ளியை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

அதே தந்தை: ஒப்பீட்டுக் குழுவோடு செய்த ஆய்வும் இருக்கிறதாம். அமெரிக்காவில் லேர்னிங் ஆர்எக்ஸ் என்ற நிறுவனம் ஒருவருக்கு ஒருவர் முறையிலேயே பயிற்றுவிக்கிறது.

இருக்கிறது, கேட்டதற்கு நன்றி. 2016இல் வெளியான அந்த ஆய்வில் இருந்தவர்கள் 39 பிள்ளைகள். ஒப்பீட்டுக் குழுவினர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள்; அவர்களோடு எவரும் அமர்ந்து எதையும் செய்யவில்லை. அப்படியானால் வித்தியாசத்தை உண்டாக்கியது மூளைப் பயிற்சியா, அல்லது ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்து தட்டிக்கொடுத்ததா? இந்த அமைப்பை வைத்துச் சொல்ல முடியாது. ஆய்வாளர்களும் அந்நிறுவனத்தோடு தொடர்புடையவர்களே. அதே ஆண்டில், கவனக்குறைபாடு, ஓட்டிசம், மறதிநோய் போன்றவற்றில் பயிற்சி முன்னேற்றம் தரும் என்று போதிய ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு அந்நிறுவனத்தின் மீது குற்றஞ்சாட்டியது. வழக்கு 2 இலட்சம் டொலருடன் இணக்கத்துக்கு வந்தது. மூளைப் பயிற்சி என்று கணினி விளையாட்டு விற்ற லுமோசிட்டி என்ற நிறுவனம், இதே போன்ற குற்றச்சாட்டுக்கு 20 இலட்சம் டொலர் செலுத்தியதும் 2016இல்தான்.

புதுக்குடியிருப்பு, தமிழ் ஆசிரியர்: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நினைவைப் பயிற்சியால் வளர்க்க முடியாதென்றால் நம் அவதானிகளை என்ன செய்வது? செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில், ஒரே வேளையில் நூறு விடயங்களைக் கவனத்தில் நிறுத்தும் சதாவதானம் செய்தாரே.

இந்தக் கேள்விக்காகவே இத்தனை நேரம் உட்கார்ந்திருந்தது வீண்போகவில்லை, ஐயா. நினைவு வளராது என்று நான் சொல்லவில்லை. வளர்த்த இடத்தில் வளரும் என்கிறேன். அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவர், வாசித்துக் காட்டப்படும் இலக்கங்களைத் திருப்பிச் சொல்லும் பயிற்சியை 230 மணித்தியாலங்களுக்கு மேல் செய்தார். தொடக்கத்தில் 7 இலக்கம் சொன்னவர் முடிவில் 79 இலக்கம் சொன்னார். ஆய்வு 1980இல் வெளிவந்தது. அவர் ஓட்டக்காரர். 3492 என்று கேட்டால் அதை ஒரு மைல் ஓட்டத்தின் நேரமாக, 3 நிமிடம் 49.2 செக்கன் என்று, கட்டி வைத்துக்கொள்வார். பிறகு இலக்கத்துக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தார்கள். பழையபடி ஆறளவில் நின்றுவிட்டார். எழுத்தைக் கட்டிவைக்க அவரிடம் கயிறு இல்லை. அவதானிக்கு யாப்பு அப்படிப்பட்ட கயிறு. ஈற்றடி கொடுத்த மாத்திரத்தில் வெண்பா முடிப்பவருக்கு எதுகையும் தளையும் பாதிச் சொற்களைத் தாமே கொண்டுவந்து தருகின்றன. அது பல்லாண்டுப் புலமை.

தமிழ் ஆசிரியர்: அவதானத்தின்போது மணியோசையை எண்ணுவதற்கும் முதுகில் விழும் கல்லை எண்ணுவதற்கும் யாப்பு உதவுமா?

உதவாது. அவை தனித்தனியே பழகியவை. அந்த இடத்தில் என் உவமை பொருந்தவில்லை, முடிவு மாறவில்லை.

முல்லைத்தீவு: நான் பார்த்தது வேறு நிறுவனம். அதன் பயிற்சியில் நுண்ணறிவு கூடுமா?

இதற்கான பதிலை மேலே எழுதியிருக்கிறேன். பெயர் மாறினாலும் கேள்வி அதுவே: ஒப்பீட்டுக் குழு எங்கே?

துணுக்காய்: அம்மம்மாவுக்கு மறதி கூடுகிறது. பயிற்சி கொடுக்கலாமா?

வைத்தியரிடம் காட்டுங்கள். இது என் துறை அல்ல.

ஒட்டுசுட்டான், ஆரம்பப் பிரிவு ஆசிரியை: தனிப் பயிற்சியே வீண் என்கிறீர்களா? என் வகுப்பில் மூன்றாம் தரத்துப் பிள்ளை ஒருவன் வாசிக்கத் தடுமாறுகிறான்.

இல்லை, ரீச்சர். தனியாக இருத்தி வாசிப்பையே கற்பித்தால் வாசிப்பு முன்னேறும். தனிக் கற்பித்தலுக்குப் பல சோதனைகளில் நல்ல ஆதாரம் உண்டு. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க அனுப்புங்கள். இரணைமடுப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில், கவனமே இல்லை என்று என்னிடம் அனுப்பப்பட்ட சிறுவன் ‘கொடி’யைக் ‘கெடி’ என்றும் ‘தொட்டி’யைத் ‘தெட்டி’ என்றும் வாசித்தான். ஒற்றைக் கொம்பைப் பார்த்ததும் ஒலித்துவிடுவான். எழுத்துக்குப் பின்னால் நிற்கும் காலைப் பார்ப்பதில்லை. கெ, கொ இரண்டையும் அட்டையில் எழுதி, காலை மட்டும் தனித் துண்டாக வெட்டி, அவன் கையாலேயே வைத்தும் எடுத்தும் வாசிக்க விட்டேன். நாளுக்கு இருபது நிமிடம். மூன்றாம் வாரத்தில் ‘கொக்கு’ என்று சரியாக வாசித்துவிட்டு, அந்தக் கால் துண்டைத் தன் கொப்பிக்குள் வைத்துக்கொண்டான். உங்கள் பிள்ளை எந்த எழுத்தில் தடுக்குகிறான் என்று ஒரு பக்கம் வாசிக்க விட்டுக் குறித்து அனுப்புங்கள்; அதைப் பார்த்துத்தான் மேலே எழுத முடியும்.