காலை நடையும் கணக்கு நாற்காலியும்

அன்புள்ள ஐயா,

மண்டபம் ஊரில் மீன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். தினமும் காலையில் 40 நிமிடம் நடக்கிறேன். ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு மட்டுமே எழுவேன். எடைச்சீட்டுகள்கூட மேசைக்கே வந்துவிடும். இப்போது சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறதாம். நடப்பது போதாதா? என் அப்பாவும் நாள் முழுக்க உட்கார்ந்து வலை பழுதுபார்த்தவர்தான். அவருக்கு ஒன்றும் வரவில்லையே?

வாசகர், தங்கச்சிமடம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நடை வீணில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். நீங்கள் 280 நிமிடம் நடக்கிறீர்கள். ஆனால், உட்காரும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் தனியாகவும் சொல்கிறது. கணக்கர் மொழியில் சொன்னால் இவை இரண்டு பேரேடுகள். ஒன்றின் வரவை மற்றதில் வைக்கலாம், ஆனால் விலை அதிகம்: பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் தொகுத்து 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வின்படி, எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதால் கூடும் மரண அபாயத்தை ஈடுகட்ட, நாளொன்றுக்கு 60 முதல் 75 நிமிட உழைப்பு தேவைப்படுகிறது.

உங்கள் சர்க்கரைக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. தொடையிலும் கெண்டைக்காலிலும் உள்ள பெரிய தசைகள் சுருங்கி விரியும்போதெல்லாம் இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. மதியம் சோறு உண்ட கையோடு அவற்றை நாற்காலியில் முடக்கிவிட்டால், அந்தச் சர்க்கரை இரத்தத்திலேயே கூடுதல் நேரம் தங்குகிறது. காலையில் நடந்த நடை மதியச் சோற்றை முழுதாகக் கவனித்துக்கொள்ளாது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு மூன்று நிமிடம் நடந்தாலே, உணவுக்குப் பிந்தைய ஏற்றம் தணிவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

உங்கள் அப்பா உட்கார்ந்தது வேறு விதம். மணலில் காலை நீட்டி, வலைக்கண்ணைக் கட்டைவிரலில் மாட்டி, ஊசியால் முடிச்சுப் போடுகிறவர், அடுத்த கிழிசலுக்காக எழுந்து வலையை இழுத்துப் போட்டாக வேண்டும்; தரையிலிருந்து எழுவதே தொடைக்கு நல்ல வேலை. (அவருக்கு ஒன்றும் வரவில்லையா, யாரும் சோதித்துப் பார்க்கவில்லையா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.) பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெர்மி மோரிஸ் லண்டன் மாடிப் பேருந்துகளை ஆராய்ந்து 1953இல் வெளியிட்ட முடிவுகளில், உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிடப் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது.

ஆகவே, நாளை முதல் அந்த எடைச்சீட்டுகளை நீங்களே போய் வாங்கி வாருங்கள். முக்கியமாக, சாப்பிட்ட பின் வரும் முதல் சீட்டை.