பொம்மை ஒன்றரை கிலோ, கூரியர் கட்டணம் ஏழு கிலோவுக்கா?

தென்காசியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "கொலுவுக்காக இன்ஸ்டாகிராமில் பார்த்து காகிதக்கூழ் பொம்மைகள் நாலு வாங்கினேன். பொம்மை 1,600 ரூபாய், ஷிப்பிங் 480. சரி என்று ஜிபேயில் அனுப்பிவிட்டேன். மறுநாள் 'பேக்கிங்குக்கு இன்னும் 150 போடுங்க மேடம், அப்பதான் அனுப்ப முடியும்' என்று வாட்ஸ்அப்பில் செய்தி. நவராத்திரி நெருங்கிவிட்டதே என்று அதையும் போட்டுவிட்டேன். பெட்டி வந்தபின் பார்த்தால் ஸ்டிக்கரில் எடை 1.6 கிலோ என்று இருக்கிறது. இதற்கு 630 ரூபாயா? பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?"

உங்களுக்குப் பிடிக்காத பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 480 ரூபாயில் பெரிய ஏமாற்று எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 150 ரூபாய் கதையே வேறு, அதை விடக்கூடாது.

நீங்கள் அனுப்பிய போட்டோவில் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் குடம் நிற்கிறது. அதை வைத்துப் பார்த்தால் பெட்டி நீளம் 40 சென்டிமீட்டர், அகலமும் உயரமும் 30 வரும். கூரியர்காரர்கள் தராசில் வைத்து வரும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. வண்டியில் பெட்டி எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதையும் எடையாக மாற்றிக் கணக்குப் போடுவார்கள், அதற்கு வால்யூமெட்ரிக் எடை என்று பெயர். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுக்க வேண்டும். உங்கள் பெட்டிக்கு 40 × 30 × 30 = 36,000, அதை 5,000-ஆல் வகுத்தால் 7.2 கிலோ. இரண்டு எடையில் எது அதிகமோ அதற்குத்தான் பில். சில கம்பெனிகள் 5,000-க்குப் பதில் இன்னும் சின்ன எண்ணால் வகுப்பார்கள், அங்கே எடை இன்னும் ஏறும். ஆக, ஒன்றரை கிலோ பொம்மைக்கு ஏழு கிலோவுக்கு மேல் கட்டணம். காகிதக்கூழ் பொம்மை, மூங்கில் கூடை, தலையணை, பிளாஸ்டிக் டப்பா, எல்லாவற்றுக்கும் இதே தலைவிதிதான். அதே பெட்டியில் பித்தளைக் குத்துவிளக்கை வைத்து அனுப்பியிருந்தால் எடைக் கட்டணத்தைப் பார்த்து நீங்கள் ஆச்சரியப்பட்டிருக்கவே மாட்டீர்கள்.

ஒரு கைத்தறிக் கடையில் சில வருஷம் பார்சல் கட்டும் வேலையில் இருந்தேன், அதனால் அந்தப் பக்கத்துச் சங்கடமும் தெரியும். நாம் டேப் வைத்து அளந்து ஒரு அளவு போட்டு அனுப்புவோம், கூரியரின் ஹப்பில் மெஷின் வைத்து மறுபடி அளப்பார்கள். பெட்டியின் ஓரம் கொஞ்சம் புடைத்திருந்தால் போதும், கட்டணம் அடுத்த எடை ஸ்லாபுக்குப் போய்விடும், பத்து நாள் கழித்து நம் கணக்கில் பணம் பிடித்திருப்பார்கள். அதுபோக கேஷ் ஆன் டெலிவரி கேட்டுவிட்டு வந்த பார்சலை வாங்காமல் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களால் போகும் கட்டணமும் நஷ்டம், வரும் கட்டணமும் நஷ்டம். இந்த இரண்டையும் ஈடுகட்ட விற்பனையாளர்கள் எல்லோருடைய ஷிப்பிங்கிலும் பத்து இருபது ஏற்றி வைப்பார்கள். நியாயமா என்றால் இல்லை, ஆனால் நடப்பது அதுதான்.

அப்படியானால் அதிகம் வாங்கியிருக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெட்டியை அளந்து மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். பார்சலில் ஒட்டியிருக்கும் கூரியர் கம்பெனியின் வெப்சைட்டில் கட்டணம் பார்க்கும் பக்கம் இருக்கும், அனுப்பிய ஊர் பின்கோடு, உங்கள் பின்கோடு, வால்யூமெட்ரிக் எடை மூன்றையும் அதில் கொடுங்கள். வருவது கவுன்டரில் போய் நிற்பவருக்கான விலை. தினமும் பார்சல் போடுகிற கடைக்கு அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். கடை உங்களிடம் வாங்கியது இந்தக் கவுன்டர் விலையைவிடவே கணிசமாக அதிகம் என்றால் தைரியமாகக் கேள்வி கேட்கலாம். பத்து இருபது வித்தியாசத்துக்கு மல்லுக்கட்ட வேண்டாம்.

இப்போது அந்த 150 ரூபாய்க்கு வருவோம். விலை பேசி, பணம் வாங்கி, அதற்கப்புறம் 'இன்னும் போடுங்க, இல்லாவிட்டால் அனுப்ப மாட்டேன்' என்பது பிணை வைத்துப் பணம் கேட்பது போலத்தான். 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்ட வேண்டும், அதற்குள் டெலிவரி, தபால், பேக்கிங் போன்ற கையாளும் செலவு, வரி எல்லாவற்றையும் பிரித்தும் சொல்ல வேண்டும். விலையைத் துண்டு துண்டாகச் சொல்லிக் கடைசியில் ஏற்றுவதை 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் 'டிரிப் பிரைசிங்' என்ற பெயரில் தடை செய்திருக்கின்றன. வீட்டில் கிடந்த பழைய பொருளை யாரோ ஒருவர் விற்றால் மின்வணிக விதிகள் பொருந்தாது. தொடர்ந்து வியாபாரமாகச் செய்கிறவர் 'நான் சும்மா இன்ஸ்டாவில்தானே விற்கிறேன்' என்று தப்பிக்க முடியாது.

பில் கையில் இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். பில்லில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை, ஆனால் ஷிப்பிங்குக்கு ஜிஎஸ்டி என்று ஒரு தொகை போட்டிருக்கிறதா? பதிவு செய்யாதவருக்கு வரி வசூலிக்க உரிமையே கிடையாது. பதிவு செய்தவராக இருந்தாலும், பொருளை விற்கிறவரே சேர்த்து வாங்கும் ஷிப்பிங்குக்கு அந்தப் பொருளின் வரி விகிதம்தான். அச்சுப் புத்தகத்துக்கு வரி இல்லை, எனவே புத்தகக் கடை போடும் ஷிப்பிங்குக்கு மட்டும் தனியாக 18 சதவீதம் கேட்டால் அது தப்பு. எம்ஆர்பி பற்றியும் நிறையப் பேர் குழம்புகிறார்கள். பொருளின் விலை எம்ஆர்பியைத் தாண்டக்கூடாது, டெலிவரிக்குத் தனியாக வாங்குவதில் தவறில்லை.

இதையெல்லாம்விட எனக்கு எரிச்சலூட்டும் வித்தை ஒன்று உண்டு. 99 ரூபாய்க்கு கம்மல், ஷிப்பிங் 149. பார்த்த உடனே மலிவு என்று கை போய்விடும். உடைந்து வந்து திருப்பி அனுப்பினால் 'ஷிப்பிங் நான்-ரீஃபண்டபிள், திருப்பித் தர மாட்டோம்' என்று 99-ஐ மட்டும் போடுவார்கள். உடைந்த பொருளை அனுப்பியது அவர்கள் குற்றம், கட்டிய முழுத் தொகையையும் கேளுங்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரே கடையில் இரண்டு பொருள் வாங்கி, இரண்டு ஷிப்பிங் கட்டி, ஒரே பெட்டியில் வந்தாலும் இதே மாதிரி ஒன்றைத் திரும்பக் கேட்கலாம். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துவையுங்கள்.

உங்கள் விஷயத்தில் முதலில் சண்டை வேண்டாம். வாட்ஸ்அப்பிலேயே இப்படி அனுப்புங்கள்: "வணக்கம். 1,600 + 480 என்று பேசித்தான் முழுப் பணமும் கட்டினேன். அதற்குப் பிறகு வாங்கிய 150 ரூபாயை ஏழு நாளில் திருப்பி அனுப்பவும். இல்லையென்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்வேன்." போனில் பேசாதீர்கள், எழுத்தில் இருக்கட்டும். ஜிபே ரசீது, மறுநாள் பணம் கேட்ட அந்தச் செய்தி இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், அவர்கள் அழித்துவிட வாய்ப்பு உண்டு. பெரிய ஷாப்பிங் தளத்தில் வாங்கியவர்கள் அதன் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று பதில் வரவேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, கடைக்காரரிடம் புகாரைக் கொண்டுபோய் பதில் கேட்பார்கள். பெயருள்ள கம்பெனி என்றால் பெரும்பாலும் அதிலேயே வேலை முடிந்துவிடும், முகவரியே இல்லாத இன்ஸ்டா பக்கம் என்றால் இழுக்கும். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஆன்லைனில் இ-ஜாக்ரிதி தளத்தில் போடலாம், பொருளுக்குக் கட்டிய தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 150 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போவீர்களா என்பது உங்கள் இஷ்டம். நானாக இருந்தால் 1915-ஓடு நிறுத்திக்கொள்வேன்.

அடுத்த வருஷம் இதே மாதிரி கனமில்லாத, பெரிய பெட்டிச் சாமான் வாங்கினால் கூரியரே வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். லாரி பார்சல் சர்வீஸில் 'டு பே' போட்டு, குடோன் டெலிவரி கேளுங்கள். வாடகையை நீங்களே தென்காசி ஆபீஸில் கட்டி எடுத்துக்கொள்ளலாம், கடைக்காரர் நடுவில் எதையும் ஏற்ற முடியாது. நாலைந்து நாள் ஆகும், ஆட்டோவுக்கும் செலவு உண்டு, உடையும் சாமானை நன்றாகக் கட்டச் சொல்ல வேண்டும். அதனால் ஆடி முடிவதற்குள் ஆர்டர் போட்டுவிடுங்கள், புரட்டாசி பிறந்தபின் கேட்டால் எந்தக் கடைக்காரரும் உங்களுக்காக லாரி ஆபீஸ் வரை போக மாட்டார்.