படித்தால் புரிகிறது, பேச வரவில்லை

கேள்வி: கும்பகோணத்தில் தமிழ்வழியில் படித்துப் பட்டம் பெற்றவள் நான். திருமணமாகிச் சிங்கப்பூருக்கு வந்து ஏழாண்டுகள் ஆகின்றன, பொங்கோலில் வசிக்கிறோம். தினமும் அரை மணி நேரம் ஆங்கில நாளிதழை அகராதியோடு படிக்கிறேன், சமைக்கும்போது ஆங்கிலப் பாடல்கள் கேட்கிறேன், இரவில் இலக்கணப் பயிற்சி நூலில் இரண்டு பக்கம் எழுதுகிறேன். படித்தால் பெரும்பாலும் புரிகிறது. தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் மகனின் வகுப்பாசிரியரிடம் பேசப் போனால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. மே மாதம் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு வருகிறது. இந்த மூன்றில் எதை விடலாம், எதைத் தொடரலாம்?

பதில்: எதையும் விட வேண்டியதில்லை. நீங்கள் சொன்ன மூன்றிலும் கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் வேலை இருக்கிறது, வாய்க்குத்தான் இல்லை. அதோடு, காலையில் படித்த செய்திக்கும் இரவில் எழுதிய பயிற்சிக்கும் ஒரு தொடர்பும் இல்லாததால், ஒன்றில் கற்றது மற்றொன்றில் திரும்ப வருவதற்கு முன்பே மறந்துபோகிறது. ஆகவே என் முதல் ஆலோசனை, நாளொரு செய்தி படிப்பதை நிறுத்திவிட்டு, வாரத்துக்கு ஒரே ஒரு செய்தியைப் பின்தொடர வேண்டும் என்பதே.

ஒரே பொருளைப் பற்றித் தொடர்ந்து படிக்கும்போது அதே சொற்களும் அதே தொடர்களும் வெவ்வேறு வாக்கியங்களில் மீண்டும் மீண்டும் எதிர்ப்படுவதால், அகராதியின் தேவை சில நாள்களிலேயே குறையத் தொடங்கும். மொழி கற்றல் ஆய்வாளர் ஸ்டீஃபன் கிராஷன் 1981ஆம் ஆண்டிலேயே இவ்வகை வாசிப்பை வலியுறுத்தி எழுதினார். சிங்கப்பூரில் இருப்பவருக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு: 1935 முதல் வெளிவரும் தமிழ் முரசில் செய்தியை முதலில் தமிழில் படித்துவிட்டு, அதே செய்தியை ஆங்கில நாளிதழான ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸில் படித்து, மாலையில் சிஎன்ஏ 938 வானொலியில் கேட்கலாம். என்ன நடந்தது என்பது முன்பே தெரிந்திருப்பதால், எப்படிச் சொல்கிறார்கள் என்பதில் மட்டும் மனம் நிற்கும். நாளிதழுக்குச் செலவழிக்கவும் வேண்டாம். வட்டார நூலகத்தில் உட்கார்ந்து படிக்க உறுப்பினராக இருக்க வேண்டிய அவசியமில்லை.

தீவு விரைவுச்சாலையில் ஒரு விபத்து என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு, 'லாரி டிரைவர் அரெஸ்டட்' என்றிருக்கும். தலைப்புகளில் துணைவினையையும் 'எ', 'த' போன்ற சுட்டுகளையும் இடம் கருதி விட்டுவிடுவார்கள் என்பதால், தலைப்பைப் பார்த்து வாக்கியம் அமைக்கப் பழகாதீர்கள். முதல் வரியில், 'எ லாரி டிரைவர் ஹேஸ் பீன் அரெஸ்டட்' என்று வரும். அடுத்த பத்தியில், 'த டிரைவர் வாஸ் அரெஸ்டட் ஆன் மண்டே' என்று மாறும். இந்த இரண்டு வரிகளுக்குள் இலக்கண நூலின் இரண்டு அத்தியாயங்கள் அடங்கியிருக்கின்றன. 'கைது செய்யப்பட்டிருக்கிறார்' என்று தொடங்கி, கிழமையைச் சொல்லும் இடத்தில் 'கைது செய்யப்பட்டார்' என்று தமிழிலும்தானே மாற்றுகிறோம்? நேரத்தைக் குறிப்பிடாமல் நடந்துவிட்டதை அறிவித்தால் 'ஹேஸ்', நேரம் வந்துவிட்டால் வெறும் இறந்தகாலம். 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' என்ற பரவலான பிழை இதை மறப்பதால் வருவது. அதேபோல, முதலில் 'ஒரு ஓட்டுநர்', பிறகு 'அந்த ஓட்டுநர்' என்று சொல்லிப் பார்த்தால் 'எ', 'த' இரண்டும் பெரும்பாலான இடங்களில் தாமே பிடிபடும். சூரியனை நாம் 'அந்தச் சூரியன்' என்பதில்லை, ஆங்கிலத்தில் 'த சன்' என்றுதான் சொல்ல வேண்டும். இத்தகைய விலக்குகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வேற்றுமை உருபுகளை நாம் தவறவிடுவதில்லை, 'பை', 'டு' போன்ற ஆங்கில முன்னிடைச் சொற்களில்தான் தடுமாறுகிறோம். அதற்கு, இங்கே கார் வாங்குபவர் ஏலத்தில் பெற வேண்டிய உரிமைச் சான்றிதழான சிஓஇ பற்றி மாதம் இருமுறை வரும் ஏல முடிவுச் செய்தியைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. 98,000 வெள்ளியாக இருந்த கட்டணம் 2,000 வெள்ளி கூடி 100,000 வெள்ளியானால், கூடிய அளவுக்கு 'ரோஸ் பை', வந்து நின்ற அளவுக்கு 'ரோஸ் டு'. இரண்டையும் மாற்றி 2,000 வெள்ளிக்கு முன் 'டு' போட்டுவிட்டால், கேட்பவர் அன்றைக்கே கார் வாங்கக் கிளம்பிவிடுவார்.

இனி வாய்க்கு வருவோம். தாளை மூடிவிட்டு, அந்தச் செய்தியை நான்கு வாக்கியங்களில் உரக்கச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். மறுநாள் அதே செய்தியை, முதல்நாள் பதிவைக் கேட்காமல், மீண்டும் சொல்லுங்கள். வார இறுதியில் ஐந்து பதிவுகளையும் வரிசையாகக் கேட்டால், எந்தப் பிழை ஐந்திலும் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். இலக்கண நூலில் அன்றிரவு திறக்க வேண்டிய பக்கம் அதுதான். பக்க வரிசைப்படி எழுதிக்கொண்டே போவதால் பயன் குறைவு என்பது வகுப்பறையில் நான் மீண்டும் மீண்டும் கண்டது. நூலை முடித்தவர்களைவிட, பத்துப் பக்கங்களையே திரும்பத் திரும்பப் புரட்டியவர்கள் நன்றாகப் பேசுகிறார்கள்.

பதிவைக் கேட்கும்போது வினையின் ஈற்றொலியைக் கவனியுங்கள். 'வாக்ட்' என்பதை 'வாக்கெட்' என்று அசை கூட்டிச் சொல்வதும், அந்த ஈற்று 'ட்' ஒலியையே விழுங்கிவிடுவதும் நம்மிடையே வழக்கம். விழுங்கிவிட்டால் கேட்பவருக்கு அது இறந்தகாலமாகவே கேட்காது. 'வான்டட்' போல, மூலவினையே ('வான்ட்') 'ட்' ஒலியில் முடிந்தால் மட்டுமே கூடுதல் அசை தேவைப்படும். 'நீடட்' போன்றவையும் அவ்வகையே.

பாடலைப் பொறுத்தவரை எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. மெட்டுக்காகவும் பேச்சுவழக்குக்காகவும் 'டஸன்ட்' வர வேண்டிய இடத்தில் 'டோன்ட்' போடுவதும், இரட்டை எதிர்மறை வைப்பதும் ஆங்கிலப் பாடல்களில் சாதாரணம். அவற்றிலிருந்து இலக்கணம் கற்க முயலக் கூடாது. ஆனால் சொற்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒலிப்பதையும், சிறு சொற்கள் தேய்ந்து மறைவதையும் பாடல்போல வேறொன்று காட்டாது. 1980களிலிருந்து தேசிய தினத்துக்காக எழுதப்பட்டுவரும் பாடல்கள் நிதானமாகவும் தெளிவாகவும் பாடப்படுபவை. ஆகஸ்ட் 9க்காக மகன் பள்ளியில் எப்படியும் கற்றுக்கொள்வான் என்பதால், அவனோடு சேர்ந்து பாடுங்கள்.

உணவங்காடியில், 'முடியும்', 'சரி' என்ற பொருளில் 'கேன் லா' என்று சொல்வதை நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். அது இந்த ஊரின் பேச்சு. ஆசிரியரிடம் பேசுவது வேறு நடை என்ற உணர்வு இருந்தால் போதும்.

சந்திப்புக்கு முந்தைய வாரம் நாளிதழை ஒதுக்கிவிட்டு, உங்கள் மகனையே அந்த வாரச் செய்தியாக வைத்துக்கொள்ளுங்கள். 'ஹி ஹேஸ் இம்ப்ரூவ்ட் இன் மேத்ஸ்', 'ஹி ஃபெல் சிக் லாஸ்ட் வீக்' என்று நான்கு வாக்கியங்களை ஐந்து நாள்கள் பதிவு செய்யுங்கள். கேள்வி கேட்கும்போது, 'கேன் யூ டெல் மீ' என்று தொடங்கினால் அதற்குப் பின் 'ஹவ் இஸ் ஹி டூயிங்' என்று வராது. 'ஹவ் ஹி இஸ் டூயிங்' என்றுதான் வர வேண்டும். ஆசிரியர் வேகமாகப் பேசினால், 'குட் யூ சே தட் அகெய்ன், மோர் ஸ்லோலி?' என்று தயங்காமல் கேளுங்கள். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பத்து முறை கூடுதலாகச் சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள்.