கண்மாயை அரசும் ஊரும் சேர்ந்து பராமரிப்பது நடைமுறையில் சாத்தியமா?

சாத்தியம்தான். ஆனால் "ஊர்" என்று யாரைச் சொல்கிறோம் என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும், எங்களுக்கு எல்லாம் அங்கேதான் இடறியது.

சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்ப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்தை, அதாவது ஊர்க்காரர்களே சேர்ந்து நீர்நிலையைப் பராமரிக்கும் பழைய முறையை, திரும்பக் கொண்டுவந்தபோது முதல் கட்டமாக 1,519 வேலைகளுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். செலவில் பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டுக்காரர்கள் (கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலத்துக்காரர்கள்) பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும், வேலையைப் பாசன விவசாயிகளின் சங்கமே செய்ய வேண்டும் என்று இருந்தது. நல்ல ஏற்பாடு, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சில வருடம் கழித்து எங்கள் கண்மாய்க்கும் முறை வந்தது. சங்கம் கூடியது, பொறியாளர் வந்தார், கையெழுத்துப் போட்டோம். நீர்பாய்ச்சியை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. மடையைத் திறந்து அடைத்து, தலைமடைக்கும் கடைமடைக்கும் சண்டை வராமல் தண்ணீரைப் பங்கிட்டு, அறுவடையில் நெல்லைக் கூலியாக வாங்கிக்கொள்பவர் அவர்தான். ஆனால் அவர் பேரில் பட்டா கிடையாது. 2000-ஆம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டப்படி ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்தான் சங்க உறுப்பினர். கண்மாயில் மீன் பிடிப்பவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் இதே கணக்கில் வெளியே நிற்கிறார்கள். (நாம் பெருமையாகச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டிலும், ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் பேர் எழுதப் பொதுவாகக் கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும்.)

"வரத்துக்காலை முதல்ல பாருங்கய்யா, உள்ள தோண்டுறது அப்புறம்" என்று, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் அந்தக் கால்வாயைப் பற்றி டீக்கடையில் நீர்பாய்ச்சி சொன்னது என் காதிலும் விழுந்தது. பொறியாளருக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன், அது என் தப்பு. கரையை ஒட்டி, மடையின் அடிமட்டத்துக்கும் கீழே போகும்படி தோண்டிவிட்டார்கள். மழை நன்றாகத்தான் பெய்தது. சீமைக்கருவேலம் அடைத்த வரத்துக்காலில் பாதித் தண்ணீர் வழியிலேயே நின்றுபோக, வந்து சேர்ந்ததில் பெரும்பகுதி மடைக்குக் கீழே பள்ளத்தில் கிடந்தது. கண்ணுக்கு முன்னால் தண்ணீர் இருந்தும் கடைமடையில் நெல் கருகியது.

அடுத்த கோடையில் ஏக்கருக்கு இவ்வளவு என்று வரி போட்டு ஜேசிபி பிடித்தோம். இந்த முறை நீர்பாய்ச்சி முன்னால் நடந்து எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டினார், வண்டி அவர் பின்னால் போனது.

உங்கள் ஊரில் வேலை வரப்போகிறது என்றால், மதிப்பீடு போடுவதற்கு முன்னால் பொறியாளரையும் நீர்பாய்ச்சியையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வரத்துக்கால் முழுக்க ஒருமுறை நடந்துவிடுங்கள்.